பிற்பகல் மூன்று மணிக்கு எந்தக் கூடம்?

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மதுரையில் அன்று மீனாட்சி சுந்தரேசுவரர் தேரோட்டம். அன்றுதான் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும். இரவு அழகருக்கு எதிர்சேவை, மறுநாள் விடிகாலையில் அவர் ஆற்றில் இறங்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய வியாழன். ஆலய வளாகத்துப் பள்ளிகள் பலவும் வாக்குச்சாவடிகளாகியிருந்தன. தேதியை மாற்றச் சொல்லி இரு தரப்பிலிருந்தும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேதி மாறவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணிவரை, இரண்டு மணி நேரம் நீட்டித் தந்தது தேர்தல் ஆணையம். மாசி வீதிகளில் வடம் பிடித்துவிட்டுப் போய் வாக்களிக்கவும், வாக்களித்துவிட்டு வந்து வடம் பிடிக்கவும் வழி பிறந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் மதிக்கிறேன். தேரா, தேர்தலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஊரை நிறுத்தாமல், இரண்டுக்கும் இடம் இருக்கும்படி நேரத்தை அகலமாக்கினார்கள். பல லட்சம் பேர் புழங்கிய நாளில் ஓர் அரசு அலுவலகத்துக்கு முடிந்த காரியம் இது. கடவுளின் பெயரால் கூடுகிற நம் மாநாடுகளில், சில நூறு பேர் மட்டும் வருகிற கூட்டங்களில், ஏன் முடியவில்லை?

மாநாட்டின் பெயர் இங்கே அவசியமில்லை. திருமண்டலப் பெருமன்றம், ஜமாத்துகளின் கூட்டமைப்பு, சைவ சபையின் ஆண்டு விழா என்று எதை எடுத்தாலும் வடிவம் ஒன்றுதான். எனக்குப் பழக்கமானவை கிறிஸ்தவக் கூட்டங்கள், அதனால் அவற்றை வைத்தே பேசுகிறேன். கமுதியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்துப் பிரதிநிதிகள் வருவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் தோட்ட வேலையைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பார். காலையில் திருவிருந்து ஆராதனை, அதன் பிறகு அறிக்கைகள். பிற்பகல் 3 மணிக்கு நிகழ்ச்சி நிரலில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். பெரிய கூடத்தில் அலுவல் அமர்வு: கணக்கு, வரவு செலவுத் திட்டம், சட்டத்திருத்தம். பக்கத்துக் கட்டிடத்தில் வேதபாடம், அல்லது பாடல் பயிற்சி, அல்லது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கலந்துரையாடல். கீழே பொடி எழுத்தில், ‘விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்’.

பல சமயம் அச்சில் இந்த மோதலே இருக்காது. அலுவல் அமர்வு பகல் 1 மணிக்கு முடிந்திருக்க வேண்டும். ஒரு நிலப் பிரச்சினை எழும், ஒரு பள்ளியின் தாளாளர் பதவி எழும், சாப்பாட்டு மணியையும் தாண்டிப் பேச்சு ஓடும். சாப்பிட்டு வந்து மீதியைத் தொடர்வார்கள். அதற்குள் பக்கத்துக் கட்டிடத்தில் பேச வந்தவர் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் வருத்தம் தெரிவிக்க ஒருவரை அனுப்புவார்கள். சொத்துக்காக வேதபாடம் ஒதுங்கிக்கொள்ளும். வேதபாடத்துக்காகச் சொத்து விவகாரத்தை அரை மணி நேரம் தள்ளிவைத்த ஒரு கூட்டத்தையும் நான் கண்டதில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். பக்தி ஒரு பக்கம், பணக்கணக்கு ஒரு பக்கம், பக்தியைக் கணக்கு விழுங்குகிறது என்று அழுதுவிட்டுப் போவது சுலபம். மறுபாதி கடினமானது. 3 மணிக்குப் பெரிய கூடத்திலிருந்து எழுந்து போகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெண்கள், இளைஞர்கள், கிராமத்துச் சபைகளின் மூப்பர்கள், உபதேசியார்கள். வார்த்தையைக் கேட்கவும் சேர்ந்து பாடவும் வந்தவர்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களும் பதவிக்கு வரக் காத்திருப்பவர்களும். உபதேசியாரின் சம்பளம் எவ்வளவு என்று பெரிய கூடத்தில் தீர்மானம் ஆகும்போது உபதேசியார் அடுத்த கட்டிடத்தில் சங்கீதம் படித்துக்கொண்டிருக்கிறார். பெண்கள் விடுதியின் கூரைக்கு ஒதுக்கிய பணம் வேறு தலைப்புக்கு மாறும்போது, அந்த விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தாய்மார்கள் பாடல் பயிற்சியில் இருக்கிறார்கள். கை தூக்கச் சொல்வார்கள், தீர்மானம் நிறைவேறும், மினிட்ஸில் ‘ஏகமனதாக’ என்று ஏறிவிடும்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “எங்களுக்குன்னு ஒரு கூட்டம் வச்சதுக்குச் சந்தோசம் தம்பி. அதை அவுங்க கணக்குப் படிக்கிற நேரத்துலயேதான் வைக்கணுமா?”

சபையின் ஆதிக் காலத்திலேயே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் குறை வைக்கப்படுவதாக முறுமுறுப்பு எழுகிறது. வேதத்தைப் போதிப்பதை விட்டுப் பந்தி விசாரிக்க எங்களால் முடியாது என்கிறார்கள் பன்னிருவர். அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். இந்தப் பகுதியைக் காட்டித்தான் நம் ஊரில் ஆன்மிகம் ஆயருக்கு, நிர்வாகம் செயலருக்கு என்று பிரித்துவைக்கிறோம். ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? பந்தி விசாரணைக்கு நியமிக்கப்பட்ட ஸ்தேவான்தான் அந்தப் புத்தகத்தின் மிக நீண்ட பிரசங்கத்தைச் செய்து உயிரைக் கொடுக்கிறார். ஏழு பேரில் இன்னொருவரான பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் போதிக்கிறார். சோறு பங்கிட்ட கைகளிலிருந்தே போதனையும் வந்திருக்கிறது. பிரித்துவைத்த ஏற்பாடு அதை எழுதி முடிப்பதற்குள்ளேயே உடைந்துபோனது. அந்த உடைப்பை நாம் வாசிப்பதில்லை.

தென்னிந்தியத் திருச்சபை பிறந்த கதையிலும் ஓரத்தில் நடந்தவைதான் நடுவுக்கு வந்தன. 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் அதில் இருபது பேர் அளவில்தான். எட்டு ஆணைக்குழுக்களின் தடித்தடியான அறிக்கைகளைப் பகல் முழுக்க விவாதித்தார்கள். பேசுகிறவருக்கு ஏழு நிமிடம், அதற்கு மேல் மணி அடிக்கும். அந்த விவாதங்களில் யார் என்ன பேசினார்கள் என்பது இன்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும். உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு மாலைக் கூட்டத்தின் உரையை. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா அன்று எழுந்து, ஏழைகளுக்காக எல்லாவற்றையும் கொடுத்த மிஷனரிகளிடம் இன்னும் ஒன்று கேட்டார்: நட்பு. எசமானர்களாக இல்லாமல் நண்பர்களாக வரச் சொன்னார். கூடத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. இரண்டு ஆண்டில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அதே அசரியா 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் இருந்தார். முப்பத்து மூன்று பேர் கூடிய கூட்டம், ஏறக்குறைய எல்லாரும் இந்தியர்கள். சபைகள் அனுப்பிய அதிகாரபூர்வப் பிரதிநிதிகளாக அவர்கள் கூடவில்லை, தத்தம் சபையின் தனி அங்கத்தினர்களாகவே கையெழுத்திட்டார்கள். சட்டப்படி அந்தக் காகிதத்துக்கு ஒரு பலமும் கிடையாது. தென்னிந்தியாவின் சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அந்த அறிக்கையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதை நிறைவேற்ற 28 ஆண்டுகள் கமிட்டிகள் உட்கார்ந்தன, வரைவுகள் போனவண்ணமும் வந்தவண்ணமும் இருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் ஆலயத்தில் இணைப்பு நிகழ்ந்தபோது அசரியா இல்லை, 1945 சனவரி முதல் நாளில் காலமாகியிருந்தார். அந்த 28 ஆண்டு அலுவல் இல்லாமல் அந்த இரண்டு நாள் கனவு காகிதத்திலேயே மட்கியிருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கமிட்டிகளைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. கனவு கண்டவர்களே கமிட்டியிலும் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அந்தத் தலைமுறையின் பெருமை.

1947இல் மதுரை-இராமநாதபுரத்துக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகினுக்கு அப்போது வயது 37. 1959 வரை இங்கே இருந்தார். 1951இல் வெளிவந்த அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பு கிராமப் பயணங்களால் நிறைந்தது. இந்தச் சமவெளியில் கிராமத்துச் சபைக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, அடுப்பு மூட்டி, அதன் பிறகே ஆராதனை. அங்கே சனங்களின் நாளைப் பார்த்துத்தான் கூட்டம் வைப்பார்கள். நகரத்து மாநாடு அந்த ஒழுங்கை எங்கோ தவறவிட்டது.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி இன்னொரு சாட்சி. அங்கே ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றே பலராலும் அழைக்கப்பட்டவர், 2005இல் மறைந்தார். ஆராதனைக்குள் பறையைக் கொண்டுவந்தார், கிராமத்துப் பேச்சுத் தமிழில் கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் செய்தார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒன்றாக்கி ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதையே அவர் திருவிருந்தின் பொருளாகப் பார்த்தார். சாதி பார்த்துத் தனித்தனியாகச் சாப்பிட்ட ஒரு சமூகத்தின் சபையில் இது எவ்வளவு பெரிய சொல் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். எந்தப் பெருமன்றத் தீர்மானமும் அந்தப் பாடல்களைப் பரப்பவில்லை. மாணவர்கள் ஆயர்களாகிப் போன ஊர்களில், பட்டறைகளில், வாலிபர் முகாம்களில், நம் நிகழ்ச்சி நிரல்கள் பொடி எழுத்தில் அச்சிடும் அந்த நேரங்களில்தான் அவை வாய்க்கு வாய் போயின. தலித் மக்களின் வாழ்வைச் சபை இறையியலாகப் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் ஆலயச் செலவில் சேரிச் சபைக்கு எவ்வளவு என்று முடிவான இடம் வேறு. பாட்டு கற்ற இளைஞன் அங்கே இல்லை. இருந்திருந்தால் பாட்டு பட்ஜெட்டுக்குள்ளும் போயிருக்கும்.

கூடம் காலியாவதன் விலை எவ்வளவு என்று பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் தேர்தலும் சட்டத்திருத்தங்களும் வழக்குகளாகி, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் நிர்வாகத்தைக் கவனிக்கவும் தேர்தலை நடத்தவும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்கும் அளவுக்குப் போனது. அதுவும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்த வழக்குகளின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஜெபிக்கிறவர்கள் அலுவலிலிருந்தும், அலுவல் பார்க்கிறவர்கள் ஜெபத்திலிருந்தும் நெடுங்காலம் பிரிந்தே இருந்தால், இரண்டையும் இணைக்கக் கடைசியில் நீதிபதிதான் வர வேண்டியிருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இந்த நேரப் பிரச்சினை புதிதல்ல. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்து, இரண்டு திருவிழாக்களையும் பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் இணைத்தார் என்பது ஊர் மரபு. சைவக் கோயிலும் வைணவக் கோயிலும் தங்கள் பஞ்சாங்கத்தை விட்டுக்கொடுத்துச் செய்த ஏற்பாடு. அதன் மேல் சனங்கள் கட்டிய கதையில் தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அண்ணன் தாமதமாகிறார், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்புகிறார். அவர் எங்கே தாமதமாகிறார் என்பதைக் கவனியுங்கள். அழகர்மலையிலிருந்து வைகைவரை நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஒரு கடைவீதியோ கட்டி வைத்தது. ஒவ்வொன்றிலும் அவர் நிற்க வேண்டும். கல்யாணத்துக்குக் கோயிலுக்குள் இடம் கிடைப்பது சிலருக்கு. மண்டகப்படியில் அவரை எதிர்கொள்வது எல்லாருக்கும் முடியும். வழியில் நின்ற நிறுத்தங்களையெல்லாம் வேண்டாதவை என்று அடித்துவிட்டால் அழகர் நேரத்துக்கு வந்துசேர்ந்துவிடுவார், திருவிழா இருக்காது.

மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் நம்பிக்கை வருகிறது. பம்பை மணலில் 1895 முதல் நடக்கும் மாராமண் கன்வென்ஷனில் இரவுக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மார்த்தோமா சபை அந்தக் கூட்டத்தையே மாலைக்கு முன்தள்ளி அவர்களும் வர வழி செய்தது. நேரம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை அந்தச் சபை ஒப்புக்கொண்டதாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் ரோமில் கத்தோலிக்க ஆயர் மாமன்றம் கூடியபோது, அலுவல் தொடங்குமுன் எல்லா உறுப்பினர்களும் மூன்று நாள் தியானத்துக்குப் போனார்கள். பிறகு படிக்கட்டு வரிசைகளை விட்டு வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், பேச்சுகளுக்கு நடுவே மௌனம் காத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் முதன்முறையாக வாக்குரிமையோடு இருந்தார்கள். குவேக்கர்களிடம் அலுவல் கூட்டமே வழிபாடுதான். வாக்கெடுப்பு கிடையாது. மௌனத்தில் காத்திருந்து, ஒத்த மனம் வந்ததும் அந்த இடத்திலேயே மினிட்ஸ் எழுதி, அங்கேயே வாசித்து ஒப்புக்கொள்கிறார்கள். நம் ஊர் ஜமாத் கூட்டங்களிலும் ஒன்று பார்த்திருக்கிறேன். பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் மஃரிபு பாங்கு கேட்டதும் எழுந்துவிடுவார்கள். தொழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்காரும்போது குரல்கள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தொழுகை அங்கே அலுவலுக்கு எல்லை போடுகிறது. நமக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. அலுவல் ஜெபத்தோடு தொடங்கும், தொடங்கிய பிறகு எதற்காகவும் நிற்காது.

குவேக்கர்களைப் போலவே நாமும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் கூட்டங்கள் பெரியவை, சொத்துகள் பழையவை, 1834இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வந்த பள்ளிகளும் விடுதிகளும் மருத்துவமனைகளும் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வதே பெரிய ஊழியம், அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் எல்லாரும் கூடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வேதம் படிக்கும் நேரத்திலும் அப்படியே. பொருளாளரும் செயலரும் வழக்கறிஞர்களும் பெரிய கூடத்தைப் பூட்டிவிட்டு வந்து உபதேசியாரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு மணி நேரம் சேர்ந்து பாடியவர்கள் அடுத்த மணி நேரத்தில் ஒருவரை ஒருவர் ஏமாற்றமாட்டார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. ஏமாற்றக் கொஞ்சம் கூச்சமாவது வரும். அந்தக் கூச்சத்தைத்தான் இன்று இழந்துகொண்டிருக்கிறோம்.

நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பிலுள்ள ஆயர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கறிக்கையை ஒரு மாதம் முன்னதாகவே தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சபைக்கும் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் அதை வரிவரியாக வாசித்துத் தீர்க்கும் நேரம் மிச்சமாகும். வாக்கெடுப்பு எத்தனை மணிக்கு என்று அச்சிடுங்கள், அந்த மணிக்கே நடத்துங்கள். கமுதி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் போன பிறகு நடத்த வேண்டாம். அலுவல் நடக்கும் நேரத்தில் வேறு எந்தக் கூட்டத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள், வேறு கூட்டம் நடக்கும் நேரத்தில் அலுவலுக்கும் இடம் கொடுக்காதீர்கள். நிரல் அச்சுக்குப் போகுமுன் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் வாலிபர்களையும் உபதேசியார்களையும் கூப்பிட்டு அதைக் காட்டி, எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவராது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு அதன் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.